கடவுளுக்குத் தெரிந்த மொழி எது?

ஐரோப்பிய வரலாற்றைக் கற்பிக்கும் பாடநூல்கள் 16ஆம் நூற்றாண்டை இரு கூறாக அறுத்து வைத்துள்ளன. ஓர் இயலில் கொலம்பசும் வாசுகோட காமாவும் மகெல்லனும் கப்பலேறிப் போவர். வேறோர் இயலில் மார்த்தின் இலூத்தர் உரோமைத் தலைமையை எதிர்த்து நிற்பார். முன்னது வணிகமும் வீரமும் பற்றிய கதை. பின்னது கடவுட் கொள்கை பற்றிய பூசல். இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றுத் தாள் கிடக்கும். மாணவன் அதனைப் புரட்டிவிட்டுத் தேர்வெழுதப் போய்விடுகிறான்.

வரலாற்றில் அத்தகைய வெற்றுத் தாள் எதுவும் இல்லை. கப்பலில் போனவரும் கோயிலில் பூசலிட்டவரும் ஒரே காலத்தவர். பல வேளைகளில் ஒரே அரசின்கீழ் வாழ்ந்தவர். அவ் இரு சாராரையும் துரத்திய வினாவும் ஒன்றே. கடவுளின் பெயரால் பேச வருகிறவன் எந்த மொழியில் பேசுவது? கேட்பவன் மொழியிலா, ஆள்பவன் மொழியிலா?

1521ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களை மட்டும் எடுத்துக் கொள்க. அத் திங்கள் 14ஆம் நாள், இற்றைப் பிலிப்பைன்சு நாட்டைச் சேர்ந்த செபுத் தீவில், அத் தீவின் தலைவனும் அவன் குடிகள் பலரும் மகெல்லன் முன்னிலையில் கிறித்தவராயினர். அங்கு ஓதப்பெற்ற இலத்தீனில் ஒரு சொல்லும் அவர்கட்கு விளங்கியிருக்க வழியில்லை. மகெல்லனின் கருத்தை அவர்கட்கு எட்டச் செய்தவன், மலாக்காவில் அவன் பெற்ற ஓர் அடிமை. மலாய் மொழி பேசத் தெரிந்தவன். மூன்று நாள் கழிந்து 17ஆம் நாளும் அதற்கு மறுநாளும், செருமனியின் வோர்ம்சு நகரில் பேரரசின் முன் நிறுத்தப்பட்ட இலூத்தர், தம் நூல்களைத் திரும்பப் பெற முடியாதென மறுத்தார். அம் மறுப்பை முதலில் செருமானியத்தில் சொல்லிப் பின்னரே இலத்தீனில் சொன்னார். 27ஆம் நாள், பணிய மறுத்த மக்தான் தீவு மக்களின் கையில் மகெல்லன் மாண்டான். அவ் ஆண்டு ஆகத்து 13இல், மெக்சிகோவின் அசுத்தேக்கர் தலைநகரான தெனோச்சுதித்லான், கோர்த்தேசின் படையிடம் வீழ்ந்தது.

வோர்ம்சில் அரியணையில் அமர்ந்திருந்தவன், மகெல்லனைக் கடலுக்கு விடுத்தவன், கோர்த்தேசு வென்ற நிலத்துக்கு உடையவனானவன், எல்லாரும் ஒருவனே. அவன்தான் ஐந்தாம் சார்லசு. அவன் பேசி வளர்ந்த மொழி பிரெஞ்சு. எசுப்பானியாவுக்கு அரசனாக 1517இல் அவன் வந்து இறங்கியபோது அந் நாட்டு மொழி அவனுக்கு வரவில்லை. எனவே 1518இல் வல்லதோலீது நகரில் கூடிய நாட்டு மன்றம், 'எங்கள் அரசர் எங்கள் மொழியைக் கற்றுப் பேச வேண்டும்' என்னும் வேண்டுகோளை அவன்முன் வைத்தது. நேரிய வேண்டுகோள். மானமுள்ள மக்கள் வேறெவ்வாறு கேட்பர்? ஆனால் அதே எசுப்பானியர், அதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்பிருந்தே, கடலுக்கு அப்பால் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதைப் பார்த்தல் வேண்டும்.

அதற்கு முன் ஒரு சொல். நிலவுலகைப் பங்கிடும் வேலை அதற்கும் முன்னரே தொடங்கிவிட்டது. 1455இல் போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலாசு, கிறித்தவர் அல்லாதாரின் நாடுகளைப் பிடிக்கவும் அவர்களை அடிமைகொள்ளவும் போர்த்துகல் அரசனுக்கு உரிமை எழுதித் தந்தார். கொலம்பசு மீண்டு வந்த 1493இல், போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாந்தர் மேற்குக் கடலில் ஒரு கோடு கிழித்து, அதற்கு அப்பாலுள்ளவை எசுப்பானியாவுக்கு உரியவை என்றார். மறு ஆண்டு இரு நாட்டரசரும் தொர்தெசில்லாசு ஊரில் கூடி, அக் கோட்டை வெர்தேமுனைத் தீவுகட்கு மேற்கே 370 காவதம் தள்ளி வைத்துக் கொண்டனர். கோட்டின் இருபுறமும் வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களுள் ஒருவரையும் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எம்மொழியில் கேட்டிருப்பர்?

அக் குறையை நிரப்பவே போலும், 1513இல் எசுப்பானிய அரசவைச் சட்டவறிஞன் ஒருவன் ஓர் அறிக்கை எழுதினான். 'வேண்டுகோள்' என்று அதற்குப் பெயர். மறு ஆண்டு முதல் புதிய நிலத்தில் இறங்கிய படைத்தலைவர் ஒவ்வொருவரும் அதைப் படித்துக் காட்டிய பிறகே போர் தொடுக்க வேண்டும் என்பது ஆணை. உலகம் படைக்கப்பட்டதும், போப்பாண்டவர்க்கு உலகின்மீது தலைமை வந்ததும், அவர் அந் நிலத்தை எசுப்பானிய அரசர்க்கு வழங்கியதும் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டன. ஏற்றுக்கொண்டால் நன்று, ஏற்காவிடில் உங்கள்மேல் படையெடுப்போம், உங்கள் மனைவி மக்களை அடிமையாக்குவோம், அதனால் விளையும் சாவுக்கும் கேட்டுக்கும் நீங்களே பொறுப்பு என்று முடிந்தது. இவ்வளவும் எசுப்பானிய மொழியில்! கேட்டவர் எவர்க்கும் அம் மொழி தெரியாது. மக்கள் ஓடி ஒளிந்தபின் ஆளில்லாத ஊர்களில் அது படிக்கப்பட்டதும் உண்டு. அடித்தபின் அடிபட்டவனையே குற்றவாளியாக்கும் இவ் ஆவணத்தைக் கண்டு, நகைப்பதா அழுவதா என்று தமக்குத் தெரியவில்லை என எழுதியவர் வேறு யாருமல்லர். இலாசு காசாசு என்னும் எசுப்பானியத் துறவியே. அவரைப் போன்றோர் அந் நாட்டில் இருந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

எசுப்பானியத்துக்கு அந்தோனியோ தெ நெப்ரிகா என்பார் எழுதிய முதல் இலக்கணம், கொலம்பசு புறப்பட்ட அதே 1492இல் அச்சேறி அரசி இசபெல்லாவிடம் படைக்கப்பட்டது. ஆட்சியோடு மொழியும் இணைபிரியாது செல்லும் என்னும் கருத்தை அதன் முன்னுரையில் அவர் வெளிப்படையாகவே வைத்தார். மொழியும் வல்லாட்சியும் வேறுவேறு என்று இன்று பேசுவோர் அம் முன்னுரையை ஒருமுறை படிப்பாராக.

இனி மறுபக்கம். இலூத்தர் 1517இல் வெளியிட்ட 95 கருத்துரைகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. அவை அறிஞர் நடுவே சொற்போராகத் தொடங்கிச் சொற்போராகவே முடிந்திருக்கலாம். நாட்டையே குலுக்கியது அவற்றின் செருமானியப் பெயர்ப்பும், அவர் அடுத்தடுத்துத் தம் மக்கள் மொழியில் எழுதிய சிறு வெளியீடுகளுமே. வோர்ம்சுக்குப் பின் வார்ட்பர்க்குக் கோட்டையில் மறைந்திருந்த திங்கள்களில் அவர் புதிய ஏற்பாட்டைச் செருமானியத்தில் பெயர்த்தார். 1522 செபுதம்பரில் வந்த முதற்பதிப்பு விரைந்து தீர்ந்துபோய், திசம்பரிலேயே மறுபதிப்பு வேண்டியதாயிற்று. முழு விவிலியம் 1534இல் வந்தது. செருமானியம் எப்படிப் பேசுவது என்பதை இலத்தீன் எழுத்துகளிடம் கேட்கலாகாது. வீட்டிலுள்ள தாயிடமும் தெருவில் ஆடும் சிறுவரிடமும் சந்தையிலுள்ள எளியவனிடமும் கேட்க வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. அவருடைய கடவுட் கொள்கையை ஏற்போரும் ஏற்காதாரும் இவ் ஒன்றை மறுத்தல் அரிது.

இங்கிலாந்தில் இதற்கு விலை உயிராக இருந்தது. மறைநூலை ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்கு அந் நாட்டுச் சமயத் தலைமை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தடை விதித்திருந்தது. வில்லியம் திண்டேல் தம் நாட்டை விட்டு வெளியேறிப் புதிய ஏற்பாட்டை ஆங்கிலப்படுத்தி, 1526இல் அதே வோர்ம்சு நகரில் அச்சிட்டு, மறைவாக இங்கிலாந்துக்குள் அனுப்பினார். 1536இல் பிரசல்சுக்கு அருகே அவர் கழுத்து நெரிக்கப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டில், 1539இல், அரசன் எட்டாம் என்றியின் ஒப்புதலோடு ஊர்க்கோயில்தோறும் வைக்கப்பட்ட பெரிய ஆங்கில விவிலியத்தின் பெரும்பகுதி எரிக்கப்பட்டவரின் உழைப்பே. அதனோடு கதை முடிந்ததா எனின், இல்லை. 1543இல் அதே அரசன் காலத்தில் ஒரு சட்டம் வந்தது: பெண்டிரும் கைத்தொழிலாளரும் பயிற்சிப் பிள்ளைகளும் உழவரும் கூலியாட்களும் விவிலியத்தைப் படித்தல் கூடாது! உயர்குடிப் பெண்டிர்க்கு மட்டும் தனியே படிக்க இசைவு. மொழித்தடை நீங்கிய மறுகணமே குலத்தடை வந்து நின்றது. மறைநூலை யார் கேட்கலாம், யார் ஓதலாம் என்னும் வழக்கைத் தமிழர்க்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அச் சட்டம் நான்கு ஆண்டே நின்றது.

இக் கிளர்ச்சியால் சிறு மொழிகள் பல முதன்முறையாக அச்சைக் கண்டன. இலித்துவேனிய மொழியின் முதல் நூல் 1547இலும், சுலோவேனிய மொழியின் முதல் நூல்கள் 1550இலும் வந்தன. மிக்கேல் அகிரிகோலா பின்னிய மொழியில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1548இலும், பாசுக்கு மொழியினர்க்கு அவர்தம் புதிய ஏற்பாடு 1571இலும் கிடைத்தன. அரசவையில் மதிப்பில்லாத, உழவன் மொழி என்று எள்ளப்பட்ட மொழிகள் இவை.

இதுவரை படித்தவர், தாய்மொழிக்குப் போராடியவர் ஒருபக்கம், அதனை ஒடுக்கியவர் மறுபக்கம் என்று எளிதாகப் பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரிப்பதற்கு 1549ஆம் ஆண்டு இடந்தராது.

அவ் ஆண்டு சூன் 9 முதல் இங்கிலாந்தின் எல்லாக் கோயில்களிலும் இலத்தீனை விலக்கி ஆங்கில வழிபாட்டு நூலையே ஓத வேண்டும் என்று சட்டம் வந்தது. நாட்டின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் மக்கள் வேறோர் இனத்தார். அவர்கள் மொழி ஆங்கிலத்தினின்று வேறான கெல்திய மொழிகளுள் ஒன்று. அவர்களும் அண்டைத் தெவன் மாவட்டத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். எம்முள் சிலர்க்கு ஆங்கிலம் தெரியாது, ஆகையால் இப் புதிய ஆங்கிலம் எமக்கு வேண்டா, பழைய இலத்தீன் வழிபாடே வேண்டும் என்பது அவர்கள் எழுதி விடுத்த கோரிக்கைகளுள் ஒன்று. இதற்கு விடை எழுதிய தலைமைக் குரவர் கிரான்மர், அவர்களுள் இலத்தீன் தெரிந்தவர் மிகுதியா, ஆங்கிலம் தெரிந்தவர் மிகுதியா என்று கேட்டு மடக்கினார். மடக்குவதற்கு நல்ல கேள்விதான். ஆனால் கார்ன்வாலியரின் சொந்த மொழியில் அந் நூலைத் தருவோம் என்னும் மூன்றாவது வழி அவர் நினைவில் எழவே இல்லை. தம் மக்கள் தம் மொழியில் கடவுளை வழுத்த வேண்டும் என்பதற்காக உரோமையையே எதிர்த்த அறிஞர், தம் ஆட்சிக்குட்பட்ட இன்னொரு மக்களிடம் வந்தபோது ஆங்கிலத்தை இன்னோர் இலத்தீன் ஆக்கினார். எக்சிட்டர் நகரைக் கிளர்ச்சியர் ஐந்து கிழமை வளைத்து நின்றனர். அரசு செருமானிய, இத்தாலியக் கூலிப்படைகளையும் சேர்த்து ஏவி அவர்களை முறியடித்தது. மடிந்தவர் ஆயிரக்கணக்கினர். கார்ன்வாலியர் மொழியில் விவிலியம் அந் நூற்றாண்டிலும் வரவில்லை. அதற்கடுத்த நூற்றாண்டிலும் வரவில்லை. அம் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவருள் கடைசியாகப் பேர்பெற்ற மீன்காரி தாலி பென்றீத்து 1777இல் இறந்தார். 20ஆம் நூற்றாண்டில் ஆர்வலர் சிலர் ஏடுகளைத் திரட்டி அம் மொழியை மீண்டும் பேசத் தொடங்கிய பிறகே, அதாவது 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், அதில் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

அயர்லாந்தில் நடந்தது இன்னும் விந்தை. 1560இல் அங்கு இயற்றப்பட்ட வழிபாட்டுச் சட்டம், ஆங்கிலம் தெரியாத குரவர் இலத்தீனில் ஓதிக்கொள்ளலாம் என்றது! எந்த இலத்தீனை ஒழிக்கக் கிளர்ச்சி எழுந்ததோ அந்த இலத்தீனை, ஐரியத்துக்கு இடந்தராமல் இருப்பதற்காக, அச் சட்டமே மீண்டும் அழைத்து வந்தது. ஐரியத்தில் புதிய ஏற்பாடு வெளிவர 1602 ஆயிற்று. பழைய ஏற்பாட்டுக்கு 1685 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வேல்சு நாட்டின் செய்தி வேறு. 1536ஆம் ஆண்டுச் சட்டம் வழக்குமன்றத்தையும் அரசுப் பதவிகளையும் வெல்சு மொழிக்கு அடைத்துவிட்டது. ஆயினும் அந் நாட்டு அறிஞர் விடவில்லை. வில்லியம் சேல்சுபரியும் ஆயர் இரிச்சர்டு தேவீசும் முயன்றதன் பயனாக, விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் வெல்சு மொழியில் பெயர்க்க 1563இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அச் சட்டத்திலும் ஒரு சூழ்ச்சி இருந்தது: ஆங்கில நூலையும் வெல்சு நூலையும் கோயிலில் அருகருகே வைக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்த்து மக்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்வர் என்பது அதன் எண்ணம். நடந்ததோ வேறு. 1567இல் புதிய ஏற்பாடும், 1588இல் சிற்றூர்க் குரவர் வில்லியம் மார்கன் பெயர்த்த முழு விவிலியமும் வந்தன. எசுப்பானியப் பெருங்கப்பற்படை இங்கிலாந்தைத் தாக்க வந்த ஆண்டும் அதுவே; வரலாற்று நூல்கள் கப்பல்களை எண்ணுகின்றன, இந் நூலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மார்கனின் நடை வெல்சு மொழிக்கு ஓர் ஒழுங்கான எழுத்துநடையை அளித்தது. 1731 முதல் கிரிபித்து சோன்சு ஊர்ஊராக நடத்திய பள்ளிகளில் உழவரும் சிறுவரும் அவ் விவிலியத்தை வைத்தே எழுத்தறிந்தனர். ஒரு மொழி பிழைப்பதற்கு நூலொன்று மட்டும் போதாது. வேல்சின் மலைகளும் மக்கள்தொகையும் அம் மொழிக்குத் துணை நின்றன. என்றாலும், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வேல்சில் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது நூற்றுக்கு 18 பேர், தமக்கு அம் மொழி பேசவரும் என்றனர். கார்ன்வாலில் தாய்மொழித் தொடர்ச்சி அறுந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகிறது.

உரோமைச் சார்பினரின் நடப்போ, வீட்டுக்கு ஒன்று கடலுக்கப்பால் ஒன்று. 1559இல் எசுப்பானியச் சமயமன்றம் மக்கள்மொழி விவிலியங்களைத் தடைநூற் பட்டியலில் சேர்த்தது. 1562இல் திரெந்து நகரப் பேரவை, வழிபாட்டைப் பொதுமக்கள் மொழியில் நடத்துவது தகாதென்று முடிவு கட்டியது. ஆனால் அவர்தம் துறவியர் கடல்கடந்த நாடுகளில் மக்கள்மொழியைக் கற்காமல் ஓரடியும் நகர முடியவில்லை. மெக்சிகோவில் நாவாத்தல் மொழியும் எசுப்பானியமும் இணைந்த சமயப் பாடநூல் 1539லேயே அச்சானது. இன்காப் பேரரசின் கெச்சுவா மொழிக்கு 1560இல் இலக்கணம் அச்சாயிற்று. ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் வர 1586 ஆயிற்று. இவற்றைச் செய்த துறவியரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அவ் உழைப்பின் குடுமி வேறொருவர் கையில் இருந்தது.

தியேகோ தெ இலாந்தா என்பவர் யுகத்தான் நாட்டு மாயர் மொழியைக் கற்றவர். 1562 சூலை 12ஆம் நாள் மானி என்னும் ஊரில் மாயரின் சுவடிகளைத் தீயிலிட்டவரும் அவரே. இன்று உலகில் எஞ்சியுள்ள மாயச் சுவடிகள் நான்கு. அவ் எழுத்தைப் பிற்காலத்தார் படிக்கத் திறவுகோலாய் அமைந்ததும் அவர் எழுதிவைத்த குறிப்பே என்பது கசப்பான வேடிக்கை. பெர்னார்தினோ தெ சாகூன் என்னும் துறவியோ, நாவாத்தல் முதியோரைக் கேட்டுக் கேட்டு அவர்தம் வாழ்வியலை அவர்தம் மொழியிலேயே பன்னிரு பகுதிகளாகத் தொகுத்தார். 1577இல் எசுப்பானிய அரசன் இரண்டாம் பிலிப்பு, அச் சுவடிகளைப் பறித்து அனுப்புமாறு ஆணையிட்டான். பழைய நெறியை நினைவூட்டும் நூல் மக்கள் கையில் இருத்தலாகாது என்பது கரணியம். அதன் ஒரு படி இன்று இத்தாலியின் பிளாரன்சு நகர நூலகத்தில் உள்ளது. 1770இல் அரசன் மூன்றாம் சார்லசு, தன் அமெரிக்க நிலங்களின் நாட்டுமொழிகள் அனைத்தும் அழிந்து எசுப்பானியம் ஒன்றே வழங்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினான். கோவாவில் போர்த்துகீசிய ஆளுநன் 1684இல், மூன்று ஆண்டுக்குள் கொங்கணியை விட்டுப் போர்த்துகீசியம் பேச வேண்டும் என்று ஆணையிட்டான். கற்றதும் அவர்கள்தாம், கற்றது போதும், இனி எம்மொழியில் பேசு என்றதும் அவர்கள்தாம்.

இப் பேரலை தமிழகத்தின் கரையையும் தொட்டது. முத்துக்குளித்துறைப் பரதவர், தம் தொழிலுக்கு வந்த இடர்களிலிருந்து போர்த்துகீசியர் காவலைப் பெறுவதற்காக 1536, 1537ஆம் ஆண்டுகளில் கிறித்தவராயினர். 1542இல் அங்கு வந்த சவேரியார், மன்றாட்டுகளைத் தமிழறிந்தோர் துணையால் பெயர்ப்பித்து மனப்பாடம் செய்தே கற்பித்தார். 1554இல் இலிசுபனில் ஒரு தமிழ்ச் சமயநூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்கள் உரோமை எழுத்தில். சவேரியாருக்குப் பின் வந்த என்றிக்கு என்றிக்கசு அடிகள் தமிழைப் பேசவும் எழுதவும் முறையாகக் கற்றார்; அதற்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்தில் வந்தது. அதன் பெயர் தம்பிரான் வணக்கம். பெயரிலேயே தமிழ் மணக்கிறது.

இதனைச் சுட்டி, தமிழுக்கு வாழ்வு தந்தவர் ஐரோப்பியர் என்று எழுதுவோர் உளர். வாழ்வு தந்ததன்று, வாழ்வதைக் கண்டு வணங்கியது. ஓலையும் எழுத்தாணியும் இலக்கணமும் ஈராயிரமாண்டுப் பாட்டும் இங்கு இருந்தன. அச்செழுத்துக்கு வார்ப்புச் செய்யத் தமிழுக்கு வரிவடிவம் இருந்தது. தமிழின்றி அவர்தம் சமயத்துக்குப் பரதவர் குடிசைக்குள் நுழைய வாயில் இல்லை; ஆகவே தமிழை நாடினர். அடிகளின் உழைப்புக்கு நன்றி சொல்லலாம். அது கைம்மாறே, கடனன்று. அதனினும் நோக்கத்தக்கது வேறொன்று. தமிழ் நூல் வீட்டில் மன்றாடுவதற்கு. கோயிற் பலிபீடத்தில் ஏற அதற்கு இசைவில்லை. திரெந்துப் பேரவையின் முடிவு தூத்துக்குடிக் கடற்கரை வரை செல்லுபடியாயிற்று. தரங்கம்பாடியில் இலூத்தர் வழிவந்த சீகன்பால்கு 1707இல் கட்டிய கோயிலில் தமிழ் வழிபாடு நடந்தது. 1715க்குள் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடும் தமிழில் அச்சாகிவிட்டது. முத்துக்குளித்துறைக் கோயில்களில் அப்போதும் இலத்தீனே.

பரதவர் வீட்டில் 1578க்குப் பின் தமிழில் அச்சான மன்றாட்டு இருந்தது. அவ் வீட்டார் ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்று கேட்ட பலிவழிபாடோ, 1963 திசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பேரவை மக்கள்மொழிக்குக் கதவைத் திறந்துவிடும் வரை, அவர்கட்கு விளங்காத மொழியிலேயே நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் 385.